முளைக்காத பல்லும் தெற்கு டெப்போவும்

1

ஐரோப்பாவில் கடந்த நானூறு ஆண்டுகளில் முடி சூடிய ஒவ்வொருவரும் எனக்கு உறவு. உறவில்லாத ஒருவர் எங்காவது முடி சூடியிருந்தால், அந்த முடிசூட்டல் செல்லாது என்பது என் தாழ்மையான கருத்து.

இதை நான் சிரிக்காமல்தான் சொல்கிறேன். கல்லூரியில் ஒரு கேலிப் பத்திரிகை நடத்துகிறேன். [உணவுக்கூடத்துக் கதவில் ஒட்டப்படும் ஒரு தாள். அதைப் பத்திரிகை என்று நான் மட்டும் சொல்கிறேன்.] அதில் எல்லாரையும் கிண்டல் செய்தாயிற்று, என் குடும்பத்தைத் தவிர. குறையே இல்லாத ஒன்றைக் கிண்டல் செய்வது எப்படி என்று லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹாலே நகரத்தில், ஓய்வு பெற்ற ஒரு டிராம் ஓட்டுநரின் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காப்பி வேளையில் பிறந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சுக்கு மேல் ஆகாது. மிச்சமுள்ள பக்கமெல்லாம் அந்தப் பதிலுக்கு நான் கட்டும் பந்தல்.

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்." வேண்டாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. அந்தக் காலத்து நரி ஒரே ஓட்டத்தில் மூன்று நாடுகளில் கோழி திருடிவிட்டு நான்காவது நாட்டில் அடைக்கலம் புகும்.

"ஆல்டன்ஹாக் அரண்மனைக் கூரையின் மீது இலையுதிர்காலத்துப் பொன்வெயில் படர்ந்து" வேண்டாம். எங்கள் அரண்மனைக் கூரையின் மீது படர்ந்திருப்பது நீல நிறத் தார்ப்பாய். ஒழுகுகிறது.

"என் அண்ணன் கெபார்டுக்குப் பல்லில்" இது பரவாயில்லை. ஆனால் அண்ணனுடைய பல்லுக்கு முன்னால் வம்சத்தின் பல்லைச் சொல்ல வேண்டும்.

2

எங்கள் வீட்டாருக்கு மேல்வரிசையில், முன்பல்லுக்கு வலப்பக்கத்தில், ஒரு பல் முளைக்காது.

மாமன் மகளை மருமகனும் அத்தை மகனை மருமகளும் சித்தப்பா மகளைப் பெரியப்பா மகனும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே வந்ததில், அந்தப் பல் ஒருநாள் களைத்துப்போய் வருவதை நிறுத்திவிட்டது. மருத்துவர்கள் அதைக் குறைபாடு என்கிறார்கள். நாங்கள் முத்திரை என்கிறோம். மற்ற அரண்மனைகளின் படங்களில் மூதாதையர் வாயை மூடிக்கொண்டு முறைப்பார்கள். எங்கள் அரண்மனையில் மட்டும் எல்லாரும் சிரிக்கிறார்கள். காட்டுவதற்கு எங்களிடம் ஓர் ஓட்டை இருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவர் சிரிக்கும்போது அங்கே இடைவெளி தெரிந்தால், அவரை உடனே ‘நீ’ என்று அழைக்கலாம். எங்களுக்குள் யாரும் யாரையும் ‘நீங்கள்’ என்பதில்லை. எவ்வளவு பெரிய அரசியாக இருந்தாலும் ஏதோ ஒரு வகையில் அத்தைதான்.

[1914இல் தொடங்கிய போரைப் பள்ளியில் உலகப் போர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது பங்காளிச் சண்டை. மூன்று பேரரசுகளின் தலைவர்களும் உறவுக்காரர்கள். உறவுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள், ஊரார் செத்தார்கள். இந்த வாக்கியத்தை ஒருமுறை வெட்டினேன். மறுபடி ஒட்டிவிட்டேன். பெருமையோடு எழுதும்போது சில வாக்கியங்கள் தாமாகவே வந்து நின்றுவிடுகின்றன.]

அந்தச் சண்டை முடிந்ததும் எங்கள் சிற்றரசு போயிற்று. அரண்மனையில் ஒரு பாதி மிஞ்சியது. ஒரு கெண்டைக்குளம் மிஞ்சியது. ஒரு குடும்பச் சட்டமும் மிஞ்சியது. குடும்பத் தலைமைக்கு வருபவன் தனக்குச் சமமான வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தலைமை அடுத்தவனுக்கு. இவ்வளவுதான் சட்டம்.

இப்போது தலைவர் எங்கள் பெரியப்பா எகோன். அவருக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அப்பா காலமாகிவிட்டார். ஆகவே அடுத்தது அண்ணன் கெபார்ட். அதற்கும் அடுத்தது, மிகுந்த தயக்கத்தோடும் முழுத் தகுதியோடும், வோல்ராட் என்கிற நான்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வம்ச மரத்தில் ஒரு பொய் இலை கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கரையில் ஸ்டீபல்பாக் என்று ஒரு வம்சம் இருக்கிறது. அவர்கள் ஒரு காலத்தில் ஒரு பண்டிதரை வைத்துச் சோறு போட்டு, ட்ராய் நகரத்துப் போர்வீரன் ஒருவன் தங்களுக்குப் பாட்டன் என்று கண்டுபிடிக்க வைத்தார்கள். ‘பாட்டனைச் சந்தையில் வாங்கியவர்கள்’ என்று அவர்களைப் பற்றி உணவுக்கூடத்துக் கதவில் நான் எழுதியதை இன்றைக்கும் சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் ஓர் அடையாளமும் கொடுத்திருந்தேன். இல்லாத பாட்டனைப் பற்றிப் பேசுகிறவன் அந்த இடம் வந்ததும் குரலைச் சற்றுத் தாழ்த்துவான். கவனித்துப் பாருங்கள், தப்பவே தப்பாது.

3

கெபார்ட் அண்ணன் அந்த ஓட்டையை அடைக்கப் போனான்.

[இங்கே ‘துரோகம்’ என்று ஒரு சொல் இருந்தது. அண்ணன் படித்துவிட்டு அடித்துவிட்டான். சொல்லைத்தான்.]

ஹாலேயில் மைகே க்னாப் என்று ஒரு பல் மருத்துவர். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான்.

"எதுக்கு அடைக்கணும்?" என்றாள் அவள்.

"அசிங்கமா இருக்கு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டுல எல்லாரும் இதை வச்சுப் பெருமைப்படறாங்க. அதான் அசிங்கமா இருக்கு."

அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வேர்கூட இல்லையே. இது விழுந்த பல்லு இல்ல. வரமாட்டேன்னு சொன்ன பல்லு." பிறகு கேட்டாள்: "இந்த ஓட்டை வழியா சீட்டி அடிப்பீங்களா?"

அடித்துக் காட்டினான். வேட்டையில் நாய்களைத் திருப்பிக் கூப்பிடும் எங்கள் வீட்டுச் சீட்டி. வெளியே காத்திருந்த நோயாளி ஒருவர் எழுந்து உள்ளே வந்துவிட்டாராம். அடைத்தால் இந்தச் சத்தம் போய்விடும், நான் அடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அதற்கப்புறம் பல்லில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஏழெட்டுத் தடவை அவளிடம் போனான்.

மைகே என்கிற பாத்திரத்தை என்னால் வெகுநாள் நம்ப முடியவில்லை. முதல் பிரதியில் அவளுக்கு ஒரு சால்வை போர்த்தி, தலைகுனிந்து நிற்க வைத்திருந்தேன். அரண்மனைக் கதைக்கு அப்படி ஒருத்தி வேண்டும். அண்ணன் அந்தப் பிரதியை அவளிடமே கொடுத்துவிட்டான்.

"தம்பி, எனக்கு எதுக்கு சால்வை? கிளினிக்ல ஹீட்டர் ஓடுதே."

"நான் உங்களுக்குத் தம்பி இல்லைங்க. அது இன்னும் முடிவாகல."

"சரி தம்பி. அப்புறம் ஏன் தலை குனிஞ்சு நிக்கிறேன்?"

"கதாநாயகின்னா கொஞ்சம்…"

"வாயைத் திறங்க, அப்பத்தான் குனிவேன். மத்தபடி குனியற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

சால்வையை எடுத்துவிட்டேன். தலையை நிமிர்த்தியாயிற்று. அதற்குப் பிறகு இந்தப் பாத்திரம் என் சொல் பேச்சைக் கேட்பதே இல்லை.

4

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தை வடித்துக் கெண்டை பிடிப்போம். உறவுக்காரர்கள் வருவார்கள். வினிகரில் வெந்து நீலம் பாய்ந்த கெண்டையும் உருளைக்கிழங்கும் காரமான முள்ளங்கித் துருவலும்தான் விருந்து. பெரியப்பா சாப்பாட்டு அறையின் வாசலில் நிற்பார். புதிதாக வருகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "யாரால நமக்கு உறவு?"

பதில் சொன்னால் நீள மேசை. சொல்லத் தெரியாவிட்டால் அடுப்போர மேசை. அங்கே போதகரும் வனக்காவலரும் உட்காருவார்கள். [அடுப்போரம்தான் உண்மையில் சூடான இடம். எங்கள் வீட்டு இளவரசிகள் நானூறு வருடமாக நீள மேசையில் உட்கார்ந்து சளி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.]

அன்று காலை அண்ணனும் நானும் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னைக்கு மைகே வர்றா," என்றான். "அவளை அடுப்போரம் உக்கார வச்சா நானும் அங்கதான்டா உக்காருவேன். அவளைத்தான் கட்டுவேன். அப்புறம் இந்தக் குளம், மீனு, கூரை எல்லாம் உனக்குத்தான்."

"கூரை வேண்டாம்," என்றேன்.

"எல்லாம் சேர்த்துத்தான்டா தருவாங்க."

அவன் சிரிக்கவில்லை. இந்தக் குளத்தில்தான் அவன் நீந்தக் கற்றான். ஒவ்வொரு கெண்டைக்கும் வயது சொல்வான். அதை விட்டுக்கொடுப்பது அவனுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அது எனக்கு வந்தால் நான் எவ்வளவு அழகாக நாற்காலியில் உட்காருவேன் என்பதும் தெரியும். ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

மைகே வந்தாள். பெரியப்பா கையைப் பிடித்தார்.

"யாரால நமக்கு உறவு?"

"யாராலயும் இல்லைங்க ஐயா. உறவு ஆகலாமான்னு கேக்கத்தான் வந்தேன். ஆனா அதுலயும் ஒரு சிக்கல்."

"என்னம்மா சிக்கல்?"

"எங்க வீட்டுல ஒத்துக்கல."

கரண்டிச் சத்தம் நின்றது. காது மந்தமான தெக்லா அத்தை பக்கத்தில் இருந்தவரை இடித்தாள். "என்ன சொல்றா?"

"அவங்க வீட்டுல நம்மள வேணாங்கறாங்களாம்."

"எந்த நாட்டு அரசர் வீடு?"

"டிராம்காரங்க வீடு அத்தை!"

"அப்படி ஒரு நாடு இருக்கா?"

மைகே மறைக்கவில்லை. "எங்க அப்பா, தாத்தா, அவங்கப்பா எல்லாரும் தெற்கு டெப்போ. டிராம்காரங்க வீட்டுலதான் பொண்ணு எடுப்போம், குடுப்போம். எங்க அம்மாவே எங்கப்பாவுக்கு மாமன் மகள்தான். நான்தான் முதல்ல வெளிய போறேன். ‘ராஜா வீடெல்லாம் நமக்குச் சரிப்படாது’ன்னு அப்பா முடிவாச் சொல்லிட்டார்."

நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், அதற்கு ஏற்ற ஒரு வாக்கியம்கூடத் தயாராக இருந்தது: "பெரியப்பாவின் விழிகளில் நெருப்பு" அது வீணாய்ப் போயிற்று. அவர் விழிகளில் இருந்தது மரியாதை.

"நமக்குப் பொண்ணு தரமாட்டேன்னு சொன்னவங்க சரித்திரத்துல ரெண்டே வீடு," என்றார் அறை முழுவதற்கும். "ஒண்ணு பேரரசர் வீடு. இன்னொண்ணு ஸ்டீபல்பாக், அது குதிரைத் தகராறு. மறுக்கத் தெரிஞ்ச வீட்டைச் சாதாரண வீடுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் எங்க உக்காரட்டும் ஐயா?" என்றாள் மைகே.

பெரியப்பா நீள மேசையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "இன்னும் தீர்ப்பு ஆகல," என்றார். "ஆகற வரைக்கும் யாரும் உக்கார வேண்டாம்."

ஆல்டன்ஹாக் வம்சம் அன்று எழுந்து நின்றுகொண்டே கெண்டை தின்றது. நின்றபடி முள் எடுத்துக் கெண்டை தின்பது எப்படிப்பட்ட வித்தை என்பதைத் தின்றவர்கள் அறிவார்கள். போதகருக்குத் தொண்டையில் சிக்கி, வனக்காவலர் முதுகில் குத்தினார். ஒருவர்கூட உட்காரவில்லை. இந்தக் குடும்பத்தில் பிறந்ததற்காக நான் பெருமைப்பட்ட தருணங்களை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலாவது.

தட்டுகள் உள்ளே போன பிறகு பெரியப்பா எங்கள் இருவரையும் அழைத்தார். "முறைப்படி போய்ப் பொண்ணு கேப்போம். அவர் சம்மதிச்சா அந்த வீடு நமக்குச் சமம்னு நானே அறிவிக்கிறேன். சம்மதிக்கலைன்னா சட்டம் சட்டம்தான். கெபார்ட், நீ அவளைக் கட்டிக்க, விலகிக்க. வோல்ராட் வருவான்."

"சரி," என்றான் அண்ணன்.

"பெரியப்பா சொன்னா சரிதான்," என்றேன் நான், தேவைக்கு அதிகமான பணிவோடு.

5

பெரியப்பாவும் அண்ணனும் நானும் ஹாலே வரை காரில் போனோம். அதற்குமேல் டிராம்தான் என்று பெரியப்பா பிடிவாதமாகச் சொன்னார். பெண் கேட்கப் போகும்போது அவர்கள் வண்டியில் போவதே மரியாதையாம். பச்சைக் கம்பளிக் கோட்டும் இறகு வைத்த தொப்பியும் ஈரத்துணியில் சுற்றிய பெரிய கெண்டையுமாக ஏறி, ஓட்டுநரைப் பார்த்துத் தலைவணங்கினார். ஓட்டுநர் பயந்துபோய் மணியடித்தார்.

மைகேயின் அப்பா லோதார் கதவைத் திறந்தார். [லோதார் என்பது பேரரசர்கள் வைத்துக்கொண்ட பெயர். எங்கள் மரத்தில் நான்கு லோதார்கள் இருக்கிறார்கள். இவரளவுக்கு நிமிர்ந்து நின்றவர் அவர்களில் யாரும் இல்லை.] மைகேயின் அம்மா கெர்லிண்டே ஆப்பிள் கேக் வைத்தார். கெண்டையைக் குளியல் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார்.

கூடத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள். பித்தளைப் பொத்தானும் தொப்பியும் மீசையுமாக ஆண்கள். ஒரு பெண்ணும் உண்டு. பெரியப்பா படங்களுக்கு முன்னால் குதிகால் சேர்த்து நின்றார். சீருடை என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும்.

"எந்தப் படைப்பிரிவு?"

"தெற்கு டெப்போ," என்றார் லோதார்.

"போர்ல இருந்தாங்களா?"

"குளிர்காலத்துல இருந்தாங்க. எங்களுக்கு அதுதான் போர்."

வரிசையின் கடைசியில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. படம் இல்லை.

"அது?" என்றார் பெரியப்பா.

"மைகேவுக்கு வர்றவனுக்கு," என்றார் கெர்லிண்டே, கேக்கை வெட்டிக்கொண்டே.

அண்ணன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியப்பா முறைப்படி எழுந்து நின்று பெண் கேட்டார். கெபார்டின் ஞானஸ்நானப் பெயர்கள் பதினான்கையும் சொன்னார். லோதார் பொறுமையாகக் கேட்டார்.

"இத்தனை ஸ்டாப்பிங் எங்க வண்டிக்கே கிடையாதுங்க," என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி நல்ல பையன். ஆனா எங்க பழக்கத்துல இல்ல. பஸ்காரங்களுக்கே நாங்க பொண்ணு குடுத்ததில்ல. ராஜாவுக்கு எப்படிக் குடுக்கறது?"

"பஸ்காரங்ககிட்ட என்ன குறை?" பெரியப்பாவுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தண்டவாளம் இல்லாம போறவனை எப்படிங்க நம்பறது? எந்தத் தெருவுல வேணும்னாலும் திரும்பிருவான்."

பெரியப்பா மெல்லத் தலையாட்டினார். எங்கள் குடும்பச் சட்டத்தின் முழுப் பொருளையும் இவ்வளவு தெளிவாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"அப்பா, நான் உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்," என்றாள் மைகே.

"தெரியுது. அதனாலதான் பேசறேன்." லோதார் கரண்டியைத் தட்டில் வைத்தார். "எனக்கு இவ ஒருத்திதாங்க. இங்கேயே குடுத்தா சாயங்காலம் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போவா. வெளிய குடுத்தா விருந்தாளியாத்தான் வருவா. அதுகூடப் போகட்டும். உங்க வீட்டுல அடுப்போரம்னு ஒரு மேசை இருக்காமே? அங்கதான் இவளை உக்கார வைப்பீங்களாமே?"

பெரியப்பாவின் காதுகள் சிவந்தன. "அன்னைக்கு யாருமே உக்காரலைங்க. எல்லாரும் நின்னுகிட்டுத்தான் சாப்பிட்டோம்."

"கெண்டையையா?"

"ஆமா."

"முள்ளு குத்தலையா?"

"குத்திச்சு."

குளியலறையில் மீன் வாலடிப்பது கேட்டது. பிறகு லோதார் பெரியப்பாவை மட்டும் பார்க்காமல் எங்கள் மூவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுச் சுவத்துலயும் இப்படி வரிசையாப் படம் இருக்குமில்ல? அதுல யாரைப் பாத்து இவ ‘இவர் நம்மாளு’ன்னு நினைச்சுக்குவா? உங்க வம்சத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தராவது, டிராம் வண்டி ஓட்டியிருக்காரா? இருந்தா சொல்லுங்க. மேற்கொண்டு பேசலாம்."

6

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. பிரித்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

முதல் முடிவு. பெரியப்பா பொய் சொல்லாதவர். மரத்தை வேரிலிருந்து நுனிவரை மனப்பாடமாக வைத்திருப்பவர். கண்ணை மூடி ஒவ்வொரு கிளையாக ஏறிப் பார்க்கிறார். தளபதிகள், பேராயர்கள், ஒரு பைத்தியம், இரண்டு தாவரவியலாளர்கள். வண்டி ஓட்டியவர் இல்லை. "இல்லைங்க," என்கிறார். எல்லாரும் கைகுலுக்குகிறார்கள். அண்ணன் விலகுகிறான். அடுத்த நவம்பரில் நான் வாசலில் நின்று, "யாரால நமக்கு உறவு?" என்று கேட்கிறேன். நீள மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் கெண்டையை நான் வெட்ட,

இந்த முடிவை நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் என் நாற்காலி கொஞ்சம் உயரமாயிற்று. ஆனால் அடுப்போர மேசையை எங்கே போட்டாலும் அதில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். மீனின் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் முடிவு. லோதார் வாய்விட்டுச் சிரிக்கிறார். மேல்வரிசையில், வலப்பக்கத்தில், அதோ, ஓர் இடைவெளி! பெரியப்பா எழுந்து, "தம்பி!" என்று கட்டிக்கொள்கிறார். இதை மைகேவிடம் காட்டினேன். "எங்கப்பாவுக்கு ஒரு பல்லு குறைஞ்சா நான் கிளினிக்கை மூடிட்டுப் போகணும், தெரியுமா?" என்றாள். கிழித்தாயிற்று.

மூன்றாம் முடிவு. அண்ணன் அரண்மனையைத் துறந்து டிராம் ஓட்டக் கற்று, அந்த ஆணியில் சீருடையோடு தொங்குகிறான். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அண்ணனுக்கு இடது எது வலது எது என்று அவசரத்தில் தெரியாது. தண்டவாளம் இருப்பதால் பாதகமில்லை என்று அவன் சொல்கிறான். ஹாலே மக்களை நினைத்து நான் இதைக் கைவிட்டேன்.

ஆகவே வாசகரே, அண்ணனுக்குக் கல்யாணம் நடந்ததா, மைகே எந்த மேசையில் உட்கார்ந்தாள், எனக்கு நாற்காலி வந்ததா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மைகே என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவள் தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் எழுதக் கடமைப்பட்டது அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பது வரைக்கும்தான்.

கேள்வி மேசையின் மீது கிடந்தது. பெரியப்பா கண்ணை மூடிக் கிளை கிளையாக ஏறிக்கொண்டிருந்தார். அண்ணன் மைகேயைப் பார்க்காமல் ஆணியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். பெரியப்பா கண்ணைத் திறந்தார். அவர் வாய் "இ" என்ற எழுத்துக்கு விரிந்துவிட்டது.

"இருந்தார்," என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி. அரசு போனதுக்கப்புறம். ரெண்டு குளிர்காலம் ஓட்டினார்."

"பேரு?" என்றார் லோதார்.

"வோல்ராட். அவர் பேரைத்தான் எனக்கு வச்சிருக்காங்க."

மைகே காப்பிக் கோப்பையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டாள். மரத்தின் ஒவ்வோர் இலையையும் அறிந்த பெரியப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

லோதார் எழுந்து சுவரருகே போனார். தெற்கு டெப்போவின் மூன்று தலைமுறையும் அங்கே இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஆணியின் பக்கத்தில் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"எந்த டெப்போ?"

வடக்கு என்று சொல்லியிருக்கலாம். வடக்கில் யார் ஓட்டினார்கள் என்பது இவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

சர்க்கரை போட்டுக் கலக்கினேன்.

"தெற்கு," என்றேன், குரலைச் சற்றுத் தாழ்த்தி.